கொரோனாவின்போது முகம் மரத்துப்போனால்: எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு செய்வது

கொரோனா வந்து வீட்டில் படுத்திருப்பவர், "கன்னத்துல எறும்பு ஊருற மாதிரி இருக்கு", "உதடு மரத்துப் போச்சு" என்று சொன்னால், பெரும்பாலும் அது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தானே அடங்கிவிடும். ஆனால் அதே மரப்பு, பக்கவாதத்தின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். சுகர் இறங்கியதால் இருக்கலாம். மூக்கிலிருந்து கன்னத்துக்குள் பரவும் கறுப்புப் பூஞ்சையாகவும் இருக்கலாம்.

வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைக் கவனிக்கும் வேலையில் திரும்பத் திரும்ப நான் பார்த்தது, வீட்டார் செய்யும் காரியங்களின் வரிசை தலைகீழாக இருப்பதைத்தான். நொச்சி போட்டு ஆவி, கன்னத்தில் எண்ணெய், மெடிக்கல் ஷாப்பில் சத்து மாத்திரை எல்லாம் முதலில் நடக்கும். ஆக்ஸிஜனும் சுகரும் பார்ப்பது கடைசியில். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் படி முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு; இரண்டாவது முதல் நான்காவது வரையான படிகள் சேர்ந்து ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

1. காய்ச்சல் தொடங்கிய அன்றே எடுத்து வைக்க வேண்டியவை

முகம் மரத்த பிறகு இவற்றைத் தேடக் கூடாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர், குளுக்கோமீட்டரும் அதற்குக் காலாவதியாகாத ஸ்ட்ரிப்பும், பிரஷர் மெஷின் இருந்தால் அது, தெர்மாமீட்டர், நல்ல வெளிச்சமுள்ள டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு பால்பாயின்ட் பேனா, ஒரு நோட்டு, ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், பார்த்துக்கொள்பவருக்கு என்95 மாஸ்க். அந்த மாஸ்க் எதற்கென்றால், ஐந்தாவது படியில் நோயாளியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மாஸ்க்கோடு பாருங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் நோயாளியின் வயது, சுகர், பிரஷர், இருதய நோய் உண்டா, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதி வையுங்கள். கஷாயம், கபசுரக் குடிநீர், லேகியம் எதுவானாலும் அதுவும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

ஆம்புலன்சுக்கு வழி சொல்வதையும் முன்பே யோசித்து வையுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடுகள் தோப்புக்குள்ளும் ரப்பர் தோட்டத்துக்குள்ளும் தள்ளித் தள்ளி இருக்கும். "பெரிய ரோட்டுல குருசடி, அதுக்கு எதிர்ல போற மண்ரோட்டுல மூணாவது வீடு" என்பதுபோல ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கே வழி சொல்ல வராது.

2. முதல் இரண்டு நிமிடம்: பக்கவாதமா என்று பார்ப்பது

கொரோனாவில் ரத்தம் உறையும் தன்மை கூடுவதால் பக்கவாதத்தின் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஆறுதல் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

நோயாளியை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே நின்று மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். "மாமி, பல்லு தெரிய சிரிங்க." வாயின் ஒரு கோடி கீழே இழுத்துக்கொண்டு நிற்கிறதா? "கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க." பத்து எண்ணுவதற்குள் ஒரு கை தாழ்கிறதா? "திருவள்ளுவர் சிலை கடல் நடுவுல நிக்குது, சொல்லுங்க." வார்த்தை குழறுகிறதா, சொல்ல வராமல் தடுமாறுகிறதா?

இவற்றில் ஒன்று தவறினாலும் உடனே 108. திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, இரண்டு இரண்டாகத் தெரிவது, நடக்கையில் தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, முகத்தோடு சேர்த்து அதே பக்கத்துக் கையோ காலோ மரப்பது, இவற்றுக்கும் அதுதான். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அப்படி வந்து மறைவது, அடுத்து வரப்போகும் பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை நோட்டில் எழுதுங்கள். நீங்கள் கவனித்த நேரத்தை எழுதினால் போதாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழுந்தபோதே வாய் கோணியிருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. ஊசிக்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அதனால் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அப்படிப்பட்ட இடம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்தவர்களுக்கு மலையிறங்கி வரவே வெகுநேரம் பிடிக்கும். வழியில் ஒரு சின்ன கிளினிக்கில் நின்று பிரஷர் பார்க்கும் நேரம்கூட அவர்களுக்கு இழப்பு.

வண்டி வரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெரிதாக்கும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதில் உண்மையே இல்லை.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருக்கும் படகில் ஒருவருக்கு இப்படி ஆனால், இந்த மூன்று சோதனைகளையும் படகிலேயே செய்யலாம். தவறினால் கரைக்கு வந்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு அவசரமும் இங்கேயே வருகிறது. புது மாத்திரையோ ஊசியோ போட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் விறுவிறுத்து, வீங்கி, உடம்பில் தடிப்பும் மூச்சிரைப்பும் வந்தால் அது கடுமையான ஒவ்வாமை. அதற்கும் 108தான், மற்ற படிகளெல்லாம் அப்புறம்.

3. ஆக்ஸிஜனும் மூச்சின் எண்ணிக்கையும்

பக்கவாதச் சோதனையில் எதுவும் தவறவில்லை என்றால் அடுத்தது இது. வாயைச் சுற்றி விறுவிறுப்பு வருவதற்கு வேகமான மூச்சு ஒரு பெரிய காரணம். ஆனால் மூச்சு ஏன் வேகமாகிறது என்பதுதான் கேள்வி. பயத்தாலும் ஆகலாம், ஆக்ஸிஜன் இறங்குவதாலும் ஆகலாம். ஆக்ஸிஜன் பார்க்காமல் "பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்வது ஆபத்து.

ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு பாருங்கள். மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலாக இருக்கட்டும். விரல் சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். எண் ஆடாமல் நின்ற பிறகுதான் படிக்க வேண்டும். மாட்டியவுடன் காட்டும் முதல் எண்ணைப் பார்த்து அலறுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

94 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 90 முதல் 93 வரை என்றால் முகத்தை விடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 90க்குக் கீழே என்றால் 108.

பிறகு ஒரு முழு நிமிடம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் சரியாக வரும். 24க்கு மேல் போனால், ஆக்ஸிஜன் எண் நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் பேச வேண்டும்.

4. சுகர்

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் காய்ச்சலில் வாய் கசந்து அரைக் கிண்ணம் கஞ்சியோடு நிறுத்திவிடுவார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுவிடுவார். சுகர் இறங்கும்போது உதடும் நாக்கும் விறுவிறுக்கும், வியர்க்கும், கை நடுங்கும். வீட்டார் இதைக் கொரோனா பலவீனம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

70க்குக் கீழே இருந்து, சுய நினைவோடு விழுங்க முடிகிறது என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் பொடி இருந்தால் இன்னும் நல்லது. கருப்பட்டிக் காப்பி போட்டு ஆற வைத்துக் கொடுப்பதற்குள் பொன்னான நேரம் போய்விடும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு இட்லியோ கஞ்சியோ சாப்பிட வையுங்கள், இல்லையென்றால் மறுபடி இறங்கும். மயக்கமாக இருப்பவரின் வாயில் சர்க்கரை ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

சுகர் ஏறியிருந்தாலும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது படியில் அது வேண்டும். இந்தச் சோதனையைச் சுகர் இல்லாதவருக்கும் ஒரு முறை செய்துவிடுவது நல்லது. தனக்குச் சுகர் இருப்பதையே கொரோனா வந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

5. ஒரு பக்கமா, இரு பக்கமா: முகத்தை அளந்து பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இனி எந்த வழியில் போவது என்பதை முடிவு செய்யும் கேள்வி இதுதான்.

நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். பஞ்சைத் திரித்து, நெற்றியில் இடது, வலது. கன்னத்தில் இடது, வலது. தாடையில் இடது, வலது என்று மெதுவாகத் தொடுங்கள். தேய்க்கக் கூடாது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுதா?" என்று கேளுங்கள். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று கிளையாகப் பிரிகிறது. எந்தக் கிளை என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

உணர்வு குறைந்த இடத்தின் ஓரத்தைப் பேனாவால் தோலில் லேசாகக் கோடு போட்டுக் குறியுங்கள், பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா, சுருங்குகிறதா என்பது அப்போது தெரியும். இது இல்லாமல் "கூடியிருக்கு", "இல்ல, அப்படியேதான் இருக்கு" என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து அசைவு. புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், கன்னத்தை ஊதச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு சின்ன வீடியோவாக எடுங்கள். வார்த்தையில் விளக்குவதைவிட டாக்டருக்கு அது உதவும்.

கடைசியாக டார்ச். மூக்குத் துவாரம், மேலண்ணம், ஈறு, பல். கண்ணைச் சுற்றி வீக்கம், தோலில் கொப்புளம். காதுக்குள்ளும் காதின் பின்னாலும்கூடப் பாருங்கள்.

6. ஒரு பக்கம் மட்டும் என்றால்

ஒரு பக்க மரப்பு டாக்டர் பார்க்க வேண்டிய மரப்பு. பக்கவாதச் சோதனை சரியாக இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். மூன்று காரணங்கள் இங்கே முக்கியம், மூன்றுக்கும் கெடு உண்டு.

கறுப்புப் பூஞ்சை. 2021 இரண்டாம் அலையில் நாம் இதை நன்றாகவே பார்த்தோம். அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவும் அறிவித்தது. சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். பூஞ்சை மூக்கிலிருந்து கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைக்குப் போகிறது. கன்னத்துக்கு உணர்வு தரும் நரம்பு அந்த அறையின் கூரை வழியாகத்தான் ஓடுகிறது. அதனால் தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே கன்னமும் மேலுதடும் மேல்பல் வரிசையும் மரத்துப்போகும்.

மரப்போடு ஒரு பக்க முகவலி, மூக்கிலிருந்து கறுப்பாகவோ ரத்தமாகவோ ஒழுகுவது, மேலண்ணத்தில் கறுப்புத் திட்டு, பல் ஆடுவது, கண் வீக்கம், பார்வை இரட்டையாவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றிரவே ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஆம்போடெரிசின் பி ஊசியும் அறுவைச் சிகிச்சையும்தான் இதற்கு மருந்து. பூஞ்சை கண்ணுக்கும் மூளைக்கும் போவதற்கு முன் தொடங்க வேண்டும். சுகர் நோயாளி "பல் வலி, பல் டாக்டரிடம் போறேன்" என்று கிளம்பினால் முகத்தில் மரப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அக்கி. நோயால் எதிர்ப்புச் சக்தி தளரும்போது, சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது நரம்பில் தங்கிய கிருமி திரும்ப எழும்புவது இது. முதலில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், விறுவிறுப்பு, தொட்டால் கூச்சம். சில நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் பாதிக்கும். காதில் வந்தால் வாய் கோணவும் செய்யும். வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். சில ஊர்களில் செங்காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காவி பூசினால் கொப்புளம் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டரால் பார்க்க முடியாது, அந்த மூன்று நாளும் அதற்குள் கழிந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் எழுதவே வேண்டாம்.

முகவாதம். காதுக்குப் பின்னால் வலி, கன்னத்தில் மதமதப்பு, அதோடு முகத்தின் ஒரு பாதி அசைய மறுப்பது. கண் மூடாது, நெற்றி சுருங்காது, தண்ணீர் குடித்தால் வாயோரம் ஒழுகும். பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி சுருங்கும், முகவாதத்தில் சுருங்காது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் வீட்டில் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாய் கோணினால் பக்கவாதம் என்றே நினைத்துக் கிளம்புங்கள், முகவாதம் என்று டாக்டர் சொல்லட்டும். இதற்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் குணமாகும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம் முதல் சில மாதத்துக்குள் முகம் பழையபடி வந்துவிடும்.

அதுவரை கண்ணைக் காப்பதுதான் வீட்டார் வேலை. மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரும். பகலில் டாக்டர் எழுதிய கண்ணீர்த் துளி மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி, மேலே மெல்லிய டேப். டேப்பை இமையின் மேல் குறுக்காக ஒட்டுங்கள், இமை திறந்திருக்கும்போது கண்ணில் படும்படி ஒட்டிவிடக் கூடாது. கடற்கரை ஊர்களில் காற்றும் மணலும் அதிகம். வெளியே இறங்கினால் கண்ணாடி இல்லாமல் போக வேண்டாம்.

7. இரு பக்கமும், அல்லது வாயைச் சுற்றி என்றால்

இதுவரையான சோதனைகள் எல்லாம் சரி, விறுவிறுப்பு இரண்டு பக்கமும் ஒரேபோல இருக்கிறது, விரல் நுனிகளும் சேர்ந்து விறுவிறுக்கின்றன. இப்போது வேகமூச்சைச் சந்தேகிக்கலாம். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் ரத்தத்தில் தனித்து நிற்கும் கால்சியமும் குறைந்து, நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. வாயைச் சுற்றியும் விரலிலும் அது முதலில் தெரியும். அதிகமானால் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும்.

நிமிர்ந்து உட்கார வையுங்கள், தோளைத் தளர்த்தச் சொல்லுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே. பக்கத்தில் இருப்பவரும் கூடவே செய்தால் நோயாளிக்குத் தாளம் பிடிபடும். பத்து நிமிடம் ஆகலாம். ஒரே நிமிடத்தில் "நிக்கலையே" என்று கேட்டுக்கொண்டிருந்தால் மூச்சு மறுபடி வேகமாகும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லாதீர்கள். கொரோனா நுரையீரலுக்கு அது ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்திருந்தால் உப்புச் சத்து இறங்கியிருக்கும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிக் கெடுதல் செய்யும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதே. இளநீர் நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் கிட்னி நோயாளிக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

மூக்கடைப்பால் இரண்டு கன்னமும் கனத்து, மந்தமாகத் தெரிவதும் உண்டு. குனிந்தால் கூடும். இது சளி குறையும்போது போய்விடும். ஆக்ஸிஜனுக்காகக் குப்புறப் படுப்பவர்களுக்குத் தலையணை கன்னத்தை அழுத்தியும், நாள் முழுக்க மாஸ்க் போடுபவர்களுக்கு அதன் நாடா அழுத்தியும் மரக்கலாம். நிலையை மாற்றி அரை மணி நேரம் பாருங்கள்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உரியது. மாறாமலைக் கிராம்பு வாங்கி வைத்திராத வீடு குறைவு. தொண்டைக் கரகரப்புக்கு அதை வாயில் அடக்கிக்கொள்வதும், தைலத்தை ஈறில் தடவுவதும் வழக்கம். கிராம்பின் எண்ணெய்க்கே மரக்க வைக்கும் குணம் உண்டு. நாக்கும் உதடும் மட்டும் மரத்திருந்தால், அதை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

புது ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு விறுவிறுப்பு வந்திருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

8. கைவைத்தியத்துக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் போகும் முன்

ஸ்டீராய்டு பற்றி இரண்டு எதிரெதிர்ச் செய்திகள் மேலே இருக்கின்றன. முகவாதத்துக்கு அது சீக்கிரம் வேண்டும். கறுப்புப் பூஞ்சைக்கு வழி திறப்பதும் அதுதான். இரண்டுக்கும் முதல் அறிகுறி ஒரு பக்க மதமதப்பு. இதனால்தான் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கிப் போடுவதை நான் கடுமையாகத் தடுக்கிறேன். சுகர் எண்ணும், மூக்கு வாய்ச் சோதனையும் இல்லாமல் எந்த டாக்டரும் இதை முடிவு செய்ய மாட்டார். நான்காவது, ஐந்தாவது படிகளில் நீங்கள் எழுதிய நோட்டு அங்கேதான் கைகொடுக்கும்.

'நரம்புச் சத்து' மாத்திரை, ஊசி: பி12 குறைந்தால் விறுவிறுப்பு வரும் என்பது சரி. சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையவும் செய்யும். ஆனால் அந்த விறுவிறுப்பு பொதுவாகப் பாதத்தில் தொடங்கி மெல்ல ஏறும். நேற்று மாலை கன்னத்தில் தொடங்கியதற்கு இன்று காலை ஊசி போட்டால் தீராது. இத்தகைய மாத்திரைகளில் இருக்கும் பி6ஐ அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

வர்ம வைத்தியமும் எண்ணெய்த் தடவலும் இந்த மண்ணில் ஆழ வேரூன்றியவை. வாய் கோணினால் ஆசானிடம்தான் முதலில் கூட்டிப் போவார்கள். ஸ்கேன் எடுத்துப் பக்கவாதம் இல்லை என்று தெரிந்து, தொற்றும் நீங்கிய பிறகு போவது உங்கள் விருப்பம். அதற்கு முன் வேண்டாம், ஆசானுக்கும் நோய் ஒட்டும். கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பதை எப்போதுமே தவிருங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வரலாம்.

9. மரத்த முகத்தைக் காயப்படாமல் பார்ப்பது

மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஆவி பிடிக்கும்போது கன்னம் வெந்து, மறுநாள் தோல் உரிந்த பிறகு கண்டுபிடித்தவர்கள் உண்டு. மரப்பு இருக்கும்வரை ஆவி வேண்டாம். சூட்டு ஒத்தடமும் ஐஸும் அப்படியே.

கஞ்சி, சுக்குக் காப்பி எல்லாவற்றையும் ஆற்றிக் கொடுங்கள். சூட்டை நோயாளியின் உதடு சொல்லாது, கொடுப்பவர் தன் கையில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். மரக்காத பக்கமாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள். ஷேவிங் பிளேடு சில நாள் வேண்டாம்.

விறுவிறுக்கும் இடத்தைச் சொறிவதும் பாம் தடவுவதும் தோலைப் புண்ணாக்கும், அக்கிக் கொப்புளம் வந்தால் அதை மறைக்கவும் செய்யும். வெறும் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவினால் போதும்.

10. நோட்டில் எழுத வேண்டியது, திரும்பப் பார்க்க வேண்டியது

காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு நேரமும் மணி, எந்தப் பக்கம், கோட்டைத் தாண்டியதா, ஆக்ஸிஜன், காய்ச்சல், சுகர் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் சிரிப்பு, கை, பேச்சு மூன்றையும் திரும்பச் செய்யுங்கள். நேற்று சரியாக இருந்ததால் இன்றும் சரியாக இருக்கும் என்று இல்லை. நள்ளிரவில் சந்தேகம் வந்து, அவசர அறிகுறி எதுவும் இல்லை என்றால், 104 எண்ணில் கேட்கலாம்.

பார்வை திடீரென்று மாறினால், இரண்டாவது படியில் சொன்னபடி 108. மரப்பு பரவினாலோ, வலி சேர்ந்தாலோ அடுத்த வேளைவரை பொறுக்காமல் கிளம்புங்கள். தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிகளில் எது பக்கமோ அங்கே காட்டி, நோட்டையும் வீடியோவையும் கொடுங்கள். முதல் வாக்கியத்தில் "கொரோனா பாசிட்டிவ், இத்தனாவது நாள், சுகர் உண்டு, இன்ன நேரத்திலிருந்து வலது கன்னம் மரப்பு" என்று சொல்லிவிடுங்கள். கொரோனாவை மறைத்தால் உறையும் ரத்தமும் பூஞ்சையும் டாக்டரின் கணக்கில் வராமல் போகும்.

11. கொரோனா போன பிறகும் நின்றால்

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் விறுவிறுப்பு இருந்தால், சுகரின் மூன்று மாதச் சராசரி, பி12, கால்சியம், தைராய்டு ஆகிய ரத்தச் சோதனைகளை டாக்டர் எழுதுவார். அவற்றோடு நரம்பு டாக்டரைப் பார்ப்பது சரி.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. தொற்று முடிந்த சில நாட்களிலிருந்து நான்கு வாரத்துக்குள், பாதத்தில் விறுவிறுப்பு தொடங்கி மேலே ஏறுவது, குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாமல் போவது, படியேறக் கால் துவள்வது, முகத்தின் இரண்டு பக்கமும் தளர்வது ஆகியவை வந்தால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குவது இது. அபூர்வமானதுதான், ஆனால் மூச்சுத் தசைவரை ஏறிவிடும். நடக்க முடிகிற அன்றைக்கே வென்டிலேட்டர் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா என்பதை வீடு எங்கே இருக்கிறது, எது சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பஸ்ஸில் போக வேண்டாம், வழியில் மூச்சுத் திணறினால் உதவி கிடைக்காது.